தண்டுவடம் அடிபட்ட தம்பி, கானாடுகாத்தான் பழைய வீட்டிலேயே தனியாக இருக்க என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

மீனா_கோவை (கேள்வி)

தம்பிக்கு 34 வயது. விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, டி10-க்குக் (முதுகெலும்பில் ஒரு மட்டம், ஏறக்குறைய தொப்புள் அளவு) கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. இரண்டு கைகளும் நல்ல பலம். மறுவாழ்வுப் பயிற்சி முடித்துவிட்டான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறுவான், சிறுநீர்க் குழாயும் தானே போட்டுக்கொள்வான். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் கணக்கு எழுதும் வேலை, வருமானம் இருக்கிறது.

இதுவரை ஆத்தாதான் (எங்கள் அம்மா) கூட இருந்து பார்த்தார். ஆத்தாவுக்கு 71, இனிமேல் என்னோடு கோவையில் இருக்கப் போகிறார். சொந்தக்காரர்கள் எல்லோரும் "ஏதாவது ஒரு காப்பகத்தில் விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். தம்பி "இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்" என்கிறான். எனக்கும் அவன் சொல்வதுதான் சரி என்று படுகிறது.

செட்டிநாட்டுப் பழைய வீடு. அளவுகள்: தெருவாசலில் 7 படி, மொத்தம் 4 அடி உயரம். பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும், அங்கே 2 படி, 14 அங்குலம். முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படியும் கிணறும். ஒவ்வொரு கதவு நிலையிலும் தரையில் 3 அங்குல உயரப் படிக்கட்டை. அறைக் கதவுகளின் உள் அகலம் 27 அங்குலம். கழிப்பறை கொல்லைப்புறத்தில், இந்திய முறை. வீடு நான்கு பங்காளிகளுக்குப் பொது. மற்ற மூன்று பேரும் வெளியூர்.

எதிலிருந்து தொடங்குவது? அரசு உதவிகளில் எது நிஜமாகக் கைக்கு வரும்? ஆள் வைத்தால் முழுநேரமா, பகுதிநேரமா?

---

சக்கரம்_புதுவயல்

மீனா ஆச்சி, திட்டங்களின் பட்டியலைத் தேடுவதற்கு முன்னால் தம்பியை ஒரு தாளில் தன் 24 மணி நேரத்தை எழுதச் சொல்லுங்கள். எழுந்தது முதல் படுப்பது வரை ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறிக்கட்டும்: தானே முடியும், வீட்டை மாற்றினால் முடியும், எப்படியும் இன்னொரு கை வேண்டும். டி10, கைகள் நன்றாக இருக்கிறவருக்கு மூன்றாவது வகையில் ரொம்பக் கொஞ்சம்தான் மிஞ்சும். வீடு கூட்டுவது, கனமான துணி துவைப்பது, தண்ணீர் சுமப்பது, மளிகை தூக்கி வருவது, அவ்வளவுதான். இந்தத் தாளை எழுதாமல் ஆள் தேடப் போனால் எல்லோரும் "24 மணி நேர ஆள்" என்றுதான் யோசிப்பார்கள். அந்தச் செலவு கட்டுப்படியாகாமல் ஆறு மாதத்தில் காப்பகப் பேச்சு திரும்ப வந்துவிடும்.

அடுத்தது, முழு வீட்டையும் நினைக்காதீர்கள். முகப்பும் வளவும் அப்படியே இருக்கட்டும். இரண்டாம் கட்டில் ஒரு அறை, அதையொட்டி ஒரு புதுக் கழிப்பறை, அடுப்படி, பின்வாசல், இந்த நான்கையும் ஒரே மட்டத்தில் இணைத்துவிட்டால் அதுதான் தம்பியின் வீடு. முன்வாசல் 4 அடிக்குச் சரிவுப்பாதை போட்டால் 48 அடி நீளம் வரும், நடுவில் ஒரு நிறுத்தத்தளமும் வேண்டும். தெருவையே அடைத்துவிடும். பின்வாசல் 14 அங்குலம் என்பதால் 14 அடியில் முடிந்துவிடும். இந்தப் பக்கத்து வீடுகளை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற மாதிரி கட்டிவைத்தது இந்த விஷயத்துக்கு நல்ல வசதி. "பின்வாசல் வழியாகவா போவது" என்று பெரியவர்கள் முகம் சுளித்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஒரு வரி: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, சமூகத்தில் மற்றவர்களோடு வாழ்வது மாற்றுத்திறனாளியின் உரிமை, குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் வராமல் அரசு பார்த்துக்கொள்ள முயலவேண்டும் என்கிறது. வீட்டுக்கே வந்து செய்யும் உதவி, தனி உதவியாளர் இரண்டும் அதே பிரிவில் வருகின்றன.

---

கொத்துவேலை_கோட்டையூர்

சரிவுப்பாதை பற்றி. 1-க்கு 12 என்பதுதான் கணக்கு, அதாவது ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். இடம் இல்லை என்று 1-க்கு 8 போடச் சொல்வார்கள். அதில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கி ஆள் மல்லாக்க விழுவார். பின்னால் பிடிக்க ஆள் இருக்கிற வீட்டுக்கு வேண்டுமானால் அது சரி, தனியாக இருக்கிறவருக்கு ஆகாது.

அகலம் 4 அடி. மேலே கதவுக்கு முன்னால் 5 அடிக்கு 5 அடி சமதளம் கட்டாயம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சமதளம் இல்லையென்றால் சரிவில் நின்றுகொண்டே பூட்டைத் திறக்க வேண்டும், ஒரு கை சாவியில் இருக்கும்போது நாற்காலி பின்னால் உருளும். இரண்டு ஓரத்திலும் 3 அங்குலம் விளிம்பு கட்டுங்கள், சக்கரம் வெளியே இறங்காது. கைப்பிடி 30 அங்குலத்தில் ஒன்றும் 36-ல் ஒன்றும்.

கழிப்பறையைக் கொல்லையில் தனியாக விடாமல், இரண்டாம் கட்டு நடையை ஒட்டிப் புதிதாகக் கட்டுங்கள். உள் அளவு 6 அடிக்கு 7 அடிக்குக் குறையக்கூடாது, நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். கதவு 36 அங்குலம், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. உள்பக்கம் திறந்தால், அவர் உள்ளே விழுந்து கதவில் சாய்ந்து கிடக்கும்போது யாரும் திறக்க முடியாது. வாசலில் தடுப்புக்கட்டை வைக்கவே வைக்காதீர்கள். தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலோரம் நீளவாக்கில் ஒரு சல்லடை வடிகால் போட்டு, தரையை 5 அடிக்கு ஒரு அங்குலம் சரித்தால் போதும். தரைக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டாம். வறண்டிருக்கும்போது அதன் மேல் சக்கரம் வெண்ணெய் மாதிரி ஓடும், நனைந்தால் வழுக்கும். சொரசொரப்பான சின்ன அளவு டைல்ஸ் போடுங்கள்.

கழிப்பறைக் கோப்பை (வெஸ்டர்ன்) உயரம் தம்பி நாற்காலியில் மெத்தையோடு உட்காருகிற உயரத்துக்குச் சமமாக வரவேண்டும், பொதுவாக 18 முதல் 20 அங்குலம். கடையில் வரும் கோப்பை பெரும்பாலும் 15–16 அங்குலம்தான். அடியில் மேடை கட்டி ஏற்றுங்கள், ஆனால் மேடை கோப்பையின் அடிப்பாகத்தை விட வெளியே நீளக்கூடாது. நீண்டால் நாற்காலியின் காலடித்தட்டு அதில் இடித்து நெருங்க முடியாமல் போய்விடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கைப்பிடிக் குழாயைப் பழைய சுண்ணாம்புச் சுவரில் ராவல் போல்ட் (துளைக்குள் விரிந்து பிடிக்கிற போல்ட்) அடித்து மாட்டாதீர்கள். பார்க்க இறுகின மாதிரி இருக்கும், ஆள் முழு எடையையும் போட்டுத் தூக்கும்போது சுண்ணாம்பு பொடிந்து பிடுங்கிக்கொண்டு வரும். பழைய சுவரில்தான் மாட்டியாக வேண்டுமென்றால் சுவரை முழுக்கத் துளைத்து, மறுபக்கம் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்குங்கள். அதைவிட நல்லது, குழாயின் காலைத் தரையில் ஒரு அடி ஆழக் குழியில் இறக்கி ஜல்லிக் கான்கிரீட் போடுவது. குழாய் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் துருப்பிடிக்காத எஃகு, சுவரிலிருந்து ஒன்றரை அங்குலம் இடைவெளி. இடைவெளி அதிகமாக வைத்தால் முழங்கை உள்ளே போய்ச் சிக்கும். உயரம் இருக்கையிலிருந்து 9 அங்குலம் மேலே.

கைகழுவும் தொட்டிக்குக் கீழே தூண் வேண்டாம், முழங்கால் போக இடம் வேண்டும். மேல்விளிம்பு 32 அங்குலம். சுவிட்சுகள் 40 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது.

---

மீனா_கோவை

ரொம்ப நன்றி அண்ணன். இரண்டு சந்தேகம். பின்வாசலில் சிமெண்ட் சரிவுப்பாதை கட்டினால் பங்காளிகளில் ஒருவர் "பொது இடத்தை உனதாக்கிக்கொள்கிறாய்" என்று சண்டைக்கு வருவார். அதற்கு என்ன வழி? 27 அங்குலக் கதவு பர்மாத் தேக்கு, நிலையை அறுத்து அகலப்படுத்த யாருக்கும் மனசு வராது, சட்டப்படியும் சிக்கல். அதற்கு?

---

கொத்துவேலை_கோட்டையூர்

சரிவுப்பாதையை இரும்பில் செய்யுங்கள். 50-க்கு 50 ஆங்கிள் சட்டம், மேலே 3 மில்லிமீட்டர் செக்கர்டு பிளேட் (புடைப்புக் கோடு போட்ட இரும்புத் தகடு), 7 அடியில் இரண்டு துண்டு, நடுவில் போல்ட். ஒரு துண்டு கிட்டத்தட்ட 100 கிலோ வரும், நாலு பேர் தூக்கி நகர்த்தலாம். ஒரு முளைகூட வீட்டுச் சுவரிலோ கல்படியிலோ அடிக்க வேண்டியதில்லை. மூன்று பங்காளிகளுக்கும் "கட்டடத்தைத் தொடாத, கழற்றி எடுக்கக்கூடிய சரிவுப்பாதை" என்று எழுதி, படமும் வைத்து, சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் "சரி" என்று வந்தால் அதையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். புதுக் கழிப்பறை கட்டுவதற்கு இது போதாது. அதற்கு எந்த இடம், எத்தனை அடி, நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது அது யார் பங்கில் சேரும் என்பதையெல்லாம் போட்டு, முத்திரைத்தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுவது நல்லது.

இரும்புக்கு இரண்டு குறை. மழையில் செக்கர்டு பிளேட் வழுக்கும். பெயிண்டின் மேல் ஈரத்தோடு சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் இன்னொரு கோட் அடியுங்கள். இரண்டாவது, சித்திரை வெயிலில் தோசைக்கல்லாகக் காயும். காலடித்தட்டிலிருந்து நழுவின பாதம் அதில் பட்டால், உணர்ச்சி இல்லாததால் அவருக்குத் தெரியாது, கொப்புளமே போட்டுவிடும். மேலே தகரமோ கீற்றோ ஒரு நிழல் போட்டுவிடுங்கள்.

நிலையை அறுக்க வேண்டாம். இரட்டைக் கதவு 90 பாகைதான் திறக்கும் என்றால் கதவின் தடிமனே இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலமாவது தின்றுவிடும். நிலையின் அளவு எடுத்தீர்களா, கதவு திறந்தபின் மிஞ்சும் இடைவெளியை எடுத்தீர்களா என்று பாருங்கள். கதவுகளைக் குடுமியிலிருந்து (கதவு சுழல்கிற முளை) தூக்கிக் கழற்றி, துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, திரை மாட்டிக்கொள்ளலாம். நாளைக்கு வேண்டுமென்றால் அதே குடுமியில் திரும்ப மாட்டலாம். 3 அங்குலப் படிக்கட்டைக்கு இரண்டு பக்கமும் 36 அங்குல நீளத்தில் மரச் சரிவு செய்யுங்கள், 18 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் ரப்பர் ஒட்டி. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் ஏறிவிடுவார், இறங்கும்போது முன்சக்கரம் தொம்மென்று விழும்.

---

சக்கரம்_புதுவயல்

கதவு பற்றி ஒரு சேர்க்கை. நாற்காலியையும் பாருங்கள். முகாம்களில் கொடுக்கும் மடக்கு நாற்காலி 18 அங்குல இருக்கை, மொத்த அகலம் 25–26 அங்குலம், அதற்கு வெளியே விரல் முட்டி. தம்பி ஒல்லி என்றால் 16 அங்குல இருக்கை போதும், மொத்த அகலமும் அந்த அளவுக்குக் குறையும், 27-ல் தாராளமாகப் போகலாம். அகலமான நாற்காலியில் ஒல்லியான ஆள் உட்கார்ந்தால் ஒருபக்கமாகச் சாய்ந்து முதுகும் வளையும். கைப்பலகையைக் கழற்றவோ மடக்கவோ முடிகிற நாற்காலியாக இருக்கட்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் மாறவே முடியாது.

---

பிசியோ_தேவகோட்டை

வீட்டு வேலை முடிவதற்குள் உடம்பைப் பற்றிய ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும். தனியாக இருக்கிற தண்டுவடக்காரர் திரும்ப மருத்துவமனைக்குப் போவது பெரும்பாலும் இரண்டே காரணத்தால்தான்: படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று.

புண். கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதைச் சில விநாடிக்கு மேல் யாராலும் தாங்க முடியாது, தோளும் தேயும். அதைவிட, மேசை மேல் மார்பு படும்வரை முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருக்கட்டும், அரைமணிக்கு ஒருமுறை. கணக்கு வேலையில் மூழ்கினால் மறந்துவிடும், போனில் அலாரம் வைக்கச் சொல்லுங்கள். நாற்காலி மெத்தை காற்றறைகள் உள்ளது என்றால், உட்கார்ந்த நிலையில் பின்னெலும்புக்கும் அடித்தட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்க்க வேண்டும், அரை முதல் ஒரு அங்குலம் காற்று இருக்கணும். அதிகமாக ஊதினாலும் தப்பு, குறைவாக ஊதினாலும் தப்பு. பஞ்சு மெத்தை அமுங்கி மீளாமல் கிடந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். கைப்பிடி வைத்த கண்ணாடியால் காலை, இரவு இரண்டு வேளையும் பின்பக்கம், குதிகால், கணுக்கால் பார்க்க வேண்டும். சிவப்பு அரைமணி நேரத்தில் மறையவில்லையென்றால் அந்தப் பக்கம் அழுத்தம் கொடுக்காமல் படுத்தே இருக்கணும், அன்றைக்கு நாற்காலி கிடையாது.

மின்சாரத்தில் ஓடும் காற்றுப்படுக்கை வைத்திருந்தால் இன்வெர்ட்டர் கட்டாயம். கரண்ட் போனால் காற்று இறங்கி ஆள் கட்டில் பலகையில் கிடப்பார், தூக்கத்தில் அவருக்குத் தெரியாது.

சிறுநீர். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் போட்டு எடுக்கணும், ஒரு தடவை எடுப்பது 400–500 மில்லியைத் தாண்டாமல். தாண்டுகிறதென்றால் இடைவெளியைக் குறைக்க வேண்டும், தண்ணீரைக் குறைத்தால் வேறு தொல்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம். மாலை ஆறு மணிக்கு மேல் குறைத்துக்கொண்டால் இரவு எழ வேண்டியிருக்காது. கலங்கலாக இருக்கிறது என்று மட்டும் மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் சாப்பிடக்கூடாது. காய்ச்சல், குளிர்நடுக்கம், திடீரென்று கால் வெட்டி இழுப்பது, நடுவில் கசிவு, இவை வந்தால்தான் பரிசோதனையும் மருந்தும். வருடம் ஒருமுறை சிறுநீரக ஸ்கேனும் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கணும்.

மலம் கழிப்பதற்கு ஒரே நேரம், ஒருநாள் விட்டு ஒருநாள், காலை உணவுக்கு அரைமணி கழித்து. முக்கால் மணி நேரம் ஒதுக்கவேண்டும். உதவியாள் வருகிற நேரத்தை இதற்கு முன்போ பின்போ வைத்துவிட்டால் தம்பிக்குச் சங்கடம் இல்லை.

குளியலில் வெந்நீரைக் கையால் பார்த்த பிறகுதான் காலில் ஊற்றவேண்டும். அடுப்படியில் சூடான பாத்திரத்தை மடியில் வைத்து உருட்டிப் போவது பலரும் செய்கிற தவறு. மரத்தட்டு ஒன்றை நாற்காலியில் பொருத்திக்கொள்ளலாம்.

வேறு யாராவது இதைப் படித்தால்: டி6-லோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு நீர்ப்பை நிறைந்தாலே ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறித் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், அது அவசரநிலை. உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் குழாய் போடவேண்டும். மீனா அவர்களின் தம்பிக்கு இந்தப் பயம் இல்லை.

பயிற்சி மறந்துபோனால் திரும்பப் போகலாம், வெட்கமில்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் தண்டுவடக்காரர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. 1981-ல் தொடங்கியது, தொடங்கியவர் ராமகிருஷ்ணன், அவரே சக்கர நாற்காலிக்காரர். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு நிலையம் 1966-லிருந்து நடக்கிறது, அதற்குக் காரணமான மருத்துவர் மேரி வர்கீஸும் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர்தான். சென்னையில் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையும் இருக்கிறது.

---

கோப்பு_சிவகங்கை

காகித வேலை. எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தனித்துவ அடையாள அட்டை, யுடிஐடி. ஸ்வாவலம்பன் தளத்தில் விண்ணப்பம், பிறகு மருத்துவக் குழு. குறைபாட்டுச் சதவீதம் 40-க்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். தம்பியின் நிலைக்குப் பெரும்பாலும் நீலம் வரும். ஆதாரில் இருக்கிற பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கணும். "எம். பழனியப்பன்", "பழனியப்பன் மு" என்று இரண்டு மாதிரி இருந்தால் அட்டை வந்துவிடும், ஆனால் உதவித்தொகை வங்கியில் சேரும்போது மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். சிவகங்கை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். முதுகுத்தண்டுவடம் பாதித்தவர்கள் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். வருவாய்த்துறை தருகிற 1,500 ரூபாய் ஓய்வூதியம் வேறு, இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. தாலுகா அலுவலகத்தில் ஏற்கனவே யாராவது அந்த 1,500-க்கு எழுதிப்போட்டிருந்தால் இங்கே மனு நின்றுவிடும், முதலில் அதைத் தெளிவுபடுத்துங்கள். வருடம் ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுக்க மறந்தால் பணம் நிற்கும், நின்ற பிறகு திரும்ப ஓடவைப்பது பெரிய பாடு.

மூன்றாவது, அதிக உதவி தேவைப்படுகிறவர்கள் உதவியாளர் வைத்துக்கொள்ள மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகத் தரும் ஏற்பாடு. மதிப்பீடு செய்துதான் தருவார்கள். தம்பிக்குக் கைகள் நன்றாக இயங்குவதால் இதை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். விண்ணப்பிப்பதில் நஷ்டமில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவது அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும், மனு எல்லாம் வேண்டாம். உலக வங்கி உதவியோடு நடக்கிற உரிமைகள் திட்டத்தில் "விழுதுகள்" என்ற பெயரில் சேவை மையங்கள் திறந்து வருகிறார்கள். உங்களுக்குப் பக்கத்து மையம் எது என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வீடுவீடாகக் கணக்கெடுக்க வரும் களப்பணியாளரிடம் தம்பி பெயர் விடுபடக்கூடாது.

இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு விண்ணப்பிப்பவர்கள் வேலை அல்லது படிப்பு இருப்பதைக் காட்டவேண்டும். வீட்டிலிருந்து கணக்கு எழுதுவதற்கும் வாடிக்கையாளரிடம் ஒரு சான்று வாங்கி வையுங்கள். வண்டி வந்ததும் சைலன்ஸர் பக்கம் தகடு அடித்து மூடுங்கள், கால் உரசினாலும் சூடு தெரியாது.

சிலர் நிராமயா காப்பீட்டுக்கு எழுதச் சொல்வார்கள், சிலர் ஆட்சியர் தலைமையிலான குழுவில் "பாதுகாவலர்" நியமனம் வாங்கச் சொல்வார்கள். இரண்டும் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வருபவை: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. தம்பிக்குப் பொருந்தாது. அவர் கையெழுத்து அவருடையதுதான், யாரும் அவருக்குக் காப்பாளர் ஆகவேண்டியதில்லை.

மனு எங்கேயாவது நின்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள். மனு எண் போட்ட ரசீது இல்லாமல் திரும்பக்கூடாது.

---

ராமு_காரைக்குடி

எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு பாடு எதற்கு? காரைக்குடியில் தரைத்தளமாக ஒரு புது வீடு வாடகைக்குப் பார்த்தால் படிக்கட்டை, குடுமி, பங்காளி ஒன்றும் கிடையாதே. ஆஸ்பத்திரியும் பக்கம்.

---

சக்கரம்_புதுவயல்

ராமு அண்ணன், நியாயமான யோசனைதான், ஆனால் வாடகை வீட்டுக்காரர் கழிப்பறையை இடிக்க விடமாட்டார். "புது வீடு" என்கிற வீடுகளில் கழிப்பறைக் கதவு 27-கூட இருக்காது, கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கு மூன்று படி இருக்கும். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து வெளியேற்றினால் செய்த மாற்றமெல்லாம் போச்சு. இதற்கெல்லாம் மேலே, கானாடுகாத்தானில் அவருக்குத் தெரிந்த கடை, தெரிந்த ஆட்டோ, கூப்பிட்டால் எட்டிப்பார்க்கிற பக்கத்து வீடு இருக்கும். அதைப் புதிதாகச் சம்பாதிக்க வருஷம் ஆகும். தம்பிக்கே காரைக்குடி பிடித்திருந்தால் அது வேறு கதை, அவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

உதவியாள் பற்றி, ஆச்சி கேட்டதற்கு. இந்த நிலைக்கு முழுநேரம் வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்று போதும். ஒரே ஆளை நம்பாமல் இரண்டு பேரைப் பிடியுங்கள், காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர். ஒருவருக்குக் காய்ச்சலோ வீட்டில் விசேஷமோ என்றால் மற்றவர் கொஞ்சம் நீட்டிச் செய்வார். செவ்வாய் பொங்கல், கோயில் திருவிழா என்றால் ஊரே லீவு போடும், அந்த நாட்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: என்னென்ன வேலை, எத்தனை மணிக்கு, சம்பளத் தேதி, மாத லீவு, வராவிட்டால் முந்தின இரவே சொல்ல வேண்டியது. "எல்லா வேலையும்" என்று எழுதினால் சண்டை அதிலிருந்துதான் தொடங்கும். தூக்குவது, நகர்த்துவது எப்படி என்பதை அவர்களுக்குத் தம்பியே சொல்லிக்கொடுக்கட்டும். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோள்மூட்டு போய்விடும், கீழே இழுபட்டுத் தோலும் கிழியும்.

சம்பளத்தைக் கோவையிலிருந்து நீங்கள் அவர்கள் போனுக்கு அனுப்பாதீர்கள். யார் கையால் சம்பளம் வருகிறதோ அவர் பேச்சைத்தான் ஆள் கேட்பார். நீங்கள் அனுப்பினால், "அக்காவிடம் கேட்டுச் செய்கிறேன்" என்று தம்பியிடம் சொல்ல ஆரம்பிப்பார்கள். உதவி செய்ய நினைத்தால் தம்பி கணக்கில் போடுங்கள், அவர் கொடுக்கட்டும். கண்காணிப்புக் கேமராவும் அப்படித்தான். கழிப்பறைக்கும் படுக்கையறைக்கும் கூடாது, வாசலுக்கு வைப்பதைக்கூட அவரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

ஆபத்துக்கு: ரிமோட் அழைப்புமணி வாங்கிப் பக்கத்து வீட்டில் வைக்கலாம் என்று தோன்றும். அட்டையில் "100 மீட்டர்" என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. இந்த வீட்டுச் சுவர்களின் தடிமனில் இரண்டு அறை தாண்டாது. வாங்குவதற்கு முன் கழிப்பறைக்குள் உட்கார்ந்து அழுத்திப் பாருங்கள். போன் சிக்னலையும் அதே இடத்தில் பாருங்கள், சில வீடுகளில் வளவில் நாலு கோடு, உள்ளறையில் ஒன்றுகூட இருக்காது. வைஃபை அழைப்பு இயக்கிவைத்தால் அந்தக் குறை தீரும். போன் எப்போதும் கழுத்துப்பையில், மேசை மேல் இல்லை. தரையில் விழுந்தவர் கைக்கு மேசை எட்டாது. சாவி ஒன்று பக்கத்து வீட்டில். பின்வாசல் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற மாதிரி மாற்றவேண்டும், உள்தாழ் போட்டுவிட்டு விழுந்தால் கதவை உடைக்கத்தான் வேண்டிவரும்.

---

மீனா_கோவை

தம்பியிடம் இந்த இழையை முழுக்கக் காட்டிவிட்டேன். 24 மணி நேரத் தாளை எழுத ஆரம்பித்துவிட்டான். அவன் கேட்கச் சொன்னது ஒன்று: பின்தெருவில் வாசலுக்கு நேரே சாக்கடை, மூடியில்லை. சரிவுப்பாதை இறங்கினால் நேராக அதில்தான் முடியும்.

---

கோப்பு_சிவகங்கை

அது பேரூராட்சி வேலை. செயல் அலுவலருக்குத் தம்பி பெயரிலேயே மனு எழுதுங்கள். வாசலுக்கு நேரே 6 அடி நீளத்துக்குச் சாலை மட்டத்திலேயே கான்கிரீட் மூடி, அடைப்பு எடுக்க நடுவில் தூக்கக்கூடிய ஒரு பலகை, இந்த இரண்டையும் குறிப்பிட்டு, அடையாள அட்டை நகலும் படமும் இணைக்க வேண்டும். "நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதினால் இரும்புக் கம்பிச் சல்லடை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதன் இடுக்கில் முன்சக்கரம் மாட்டும். 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக வைக்கிறார்கள். உங்கள் பேரூராட்சியில் அவர் யார் என்று விசாரித்து மனுவின் ஒரு நகலை அவரிடமும் கொடுக்கச் சொல்லுங்கள்.

---

கொத்துவேலை_கோட்டையூர்

மூடி போடுகிறவரை சரிவுப்பாதையைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பி இறக்கலாம், சாக்கடைக்கு உள்பக்கம் 5 அடி இடம் இருந்தால். அந்த அகலத்தை அளந்து இங்கே போடுங்கள் தங்கச்சி. கூடவே கழிப்பறை வரப்போகிற இடத்துக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தையும் போடுங்கள். செப்டிக் தொட்டியின் இடத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்யணும்.